மாதத்தில் எட்டு நாள்

புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனை. மகப்பேறு மருத்துவரின் அறைக்கு வெளியே நடைபாதையில் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் நானும் என் கணவர் ஜாகிரும் உட்கார்ந்திருந்தோம். எங்கள் டோக்கன் பதினொன்று. உள்ளே ஆறாம் எண் போயிருந்தது. ஜாகிர் கைப்பேசியைக் காதோடு ஒட்டிவைத்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு பெண்ணின் குரல் அதிலிருந்து கசிந்தது. கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போன குரல். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போனாள். நடுவில் ஏதோ பாத்திரம் விழுகிற சத்தம்.

"யாரு மச்சான் இது?" என்று கேட்டேன்.

அவர் கைப்பேசியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நான் விளையாடுகிறேனோ என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"நீதான்" என்றார்.

நம்பாமல் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். என் பெயர், என் படம், அதன் கீழே நான் அனுப்பிய குரல் செய்தி. காதில் வைத்தேன். 'நீங்க ஒண்ணும் வர வேணாம். வந்தாலும் நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன். பிரிஞ்சிரலாம். பள்ளிவாசல்ல சொல்லி எழுதி வாங்கிக்குங்க.' அந்தப் பெண் அழவில்லை. எச்சில் தெறிக்கத் திட்டினாள். என் மாமியாரை, என் மகளை, கடைசியில் தன்னையே.

அந்த நாள் எனக்கு நினைவிருந்தது. கோபமாக ஏதோ பேசினேன் என்பதும் நினைவிருந்தது. இப்படிப் பேசியது நினைவில் இல்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் எங்களைப் பார்க்காதது போல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதே நிலையில் இருக்கும் யாராவது ஒருத்தி படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அவள் வீட்டில் இருப்பவர்களும் படித்தால் நல்லது.

என் பெயர் மெகருன்னிசா. வீட்டில் மெகரு. வயது முப்பத்தாறு. கோட்டைப்பட்டினம் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் ஒன்பது வருடமாக மருந்தாளுநர் வேலை பார்க்கிறேன். மருந்தியலில் பட்டயப்படிப்பு படித்தவள். ஜாகிர் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். நான், மாமியார், ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் சுமையா ஆகிய மூன்று பேர் வீட்டில். மாதவிடாய் வலிக்கு மாத்திரை கேட்டு வரும் பெண்களுக்கு நானே ஆயிரம் தடவை மாத்திரை எடுத்துக் கொடுத்திருப்பேன். இந்த உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

முதல் அறிகுறி ஒரு சத்தம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம், கடையில் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். அந்தக் 'கரக்' என்ற ஓசை பல்லுக்குள் இறங்கியது. தினமும் நூறு தடவை கேட்கிற ஓசைதான். அன்றைக்குத் தாங்க முடியவில்லை. அப்போது பார்த்து, படகு வேலை பார்க்கும் ஒரு பெரியவர் வாய்வு மாத்திரை கேட்டார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார். அட்டையை அவர் பக்கம் வீசி எறிந்தேன். அது அவர் மார்பில் பட்டுத் தரையில் விழுந்தது.

"என்னம்மா, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டுக்கொண்டே அவரே குனிந்து எடுத்துக்கொண்டார்.

உள்ளே போய் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று அழுதேன். மறுநாள் காலை மாதவிடாய் வந்தது. வந்த ஒரு மணி நேரத்தில் மனம் துடைத்துவிட்டதுபோல் ஆகிவிட்டது. பெரியவரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பிறகு அது மாதாமாதம் வந்தது. மோதிரம் விரலில் இறுகும். செருப்பு வார் கடிக்கும். மார்பு கனத்து, குப்புறப் படுக்க முடியாது. இவை எனக்குத் தெரிந்தவைதான். பெரும்பாலான பெண்களுக்கு இதில் ஏதாவது ஒன்று இருக்கும். அதற்கு மேல் வந்ததுதான் புரியவில்லை. எல்லோரும் என்னை ஏமாற்றுகிறார்கள் என்று உறுதியாகத் தெரியும். அதற்கான ஆதாரங்களும் கண்ணுக்குத் தெரியும். மாமி கதவைச் சாத்துகிற விதம். ஜாகிர் 'சரி' என்று மட்டும் பதில் அனுப்பியது. சுமையா தட்டில் சோற்றை மீதம் வைத்தது. பத்து நாள் கழித்து அவற்றில் ஒன்றுகூட ஆதாரமாகத் தெரியாது. அப்போது வெட்கம் மட்டும் மிஞ்சும்.

உள்ளூர் மருத்துவரிடம் போனேன். ரத்தசோகை, தைராய்டு (கழுத்திலுள்ள சுரப்பியின் கோளாறு) இரண்டுக்கும் பரிசோதனை செய்தார். இரண்டும் சரியாக இருந்தன. "டென்ஷன் ஆகாதீங்க, நல்லாத் தூங்குங்க" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாமி பள்ளிவாசலில் ஓதின தண்ணீர் வாங்கி வந்து வாரக்கணக்கில் குடிக்கக் கொடுத்தார். மறுக்காமல் குடித்தேன். மாதத்தில் இருபது நாள் நான் நன்றாக இருந்ததால், சத்து மாத்திரையும் தண்ணீரும் வேலை செய்வதாகத்தான் இருவருமே நம்பினோம்.

சுமையாவுக்கு நன்றாக வரைய வரும். பள்ளியில் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போனார்கள். குகையின் கூரையில் இருக்கும் தாமரைக் குளத்தைப் பார்த்துவிட்டு வந்தவள், அதை ஒரு பெரிய தாளில் வரையத் தொடங்கினாள். மூன்று வாரம் வரைந்தாள். மாவட்ட அளவில் ஒரு ஓவியப் போட்டிக்கு அனுப்புவதாக ஆசிரியை சொல்லியிருந்தார். ஒரு நாள் மாலை, நான் கடையிலிருந்து வந்தபோது, அவள் கூடத்தில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். தூரிகை கழுவிய தண்ணீர் என் தொழுகைப் பாயில் சிந்தியிருந்தது. உள்ளங்கை அளவு பச்சைக் கறை.

நான் தாளை எடுத்து நான்காகக் கிழித்தேன். பிறகு அந்த நான்கையும் கிழித்தேன்.

சுமையா அழவில்லை. எழுந்து, துண்டுகளைப் பொறுக்காமல், அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதிருந்தால் நான் நின்றிருப்பேனோ என்னவோ. மாமி அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "ஏத்தா மெகரு, என்னத்தா பண்ணிட்ட?" என்று கேட்டார். அவரிடம் என்ன சொன்னேன் என்று இன்றுவரை அவர் எனக்குச் சொல்லவில்லை.

வாசலைத் தாண்டி நடந்தேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கடற்கரையில் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. நான் இல்லாவிட்டால் அந்த வீடு நிம்மதியாக இருக்கும் என்ற எண்ணம் வந்தது. அது சோகமாக வரவில்லை. ஒரு நல்ல யோசனையைப் போல, தெளிவாக, அமைதியாக வந்தது.

மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தார். முகம் தெரியும், கடைக்கு இருமல் மருந்து வாங்க வருபவர்.

"மெடிக்கல் அக்கா, எங்கிட்டுப் போறீங்க? செருப்புகூட இல்லாம?"

குனிந்து பார்த்தேன். காலில் செருப்பு இல்லை.

"இங்கிட்டு ஒக்காருங்க" என்று கூடையைக் கவிழ்த்துப் போட்டார். அவர் வேலையை முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். முடித்ததும் அவர் வீடுவரைக்கும் கூட வந்து விட்டுவிட்டுப் போனார். இதைப் படிக்கும் உங்களுக்கு அப்படி ஒரு எண்ணம் வந்தால், அது எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும், அன்றைக்கே, அந்த நேரமே, யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். நான் சொல்லாமல் போனேன். எனக்கு வாய்த்தது ஒரு தற்செயல்.

மாமி மகனுக்குப் போன் செய்துவிட்டார். ஒன்பதாம் நாள் ஜாகிர் வந்து இறங்கினார். அப்போது நான் நன்றாக இருந்தேன். அவருக்குப் பிடித்த மீன் ஆணம் (மீன்குழம்பு) வைத்தேன். அவர் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரை விட்டு விலக நினைக்கிறேன் என்ற முடிவோடுதான் விமானம் ஏறியிருந்தார். இங்கே வந்து பார்த்தால் நான் சிரித்த முகமாகப் பரிமாறுகிறேன்.

"நாலு தடவ பிரிஞ்சிரலாம்னு சொல்லியிருக்க மெகரு" என்றார். "நாலு தடவையும் பத்து நாள் கழிச்சு மீன் ஆணத்தப் போட்டோ புடிச்சு அனுப்பியிருக்க. நான் எத நம்புறது?"

தட்டை நகர்த்திவிட்டு, புதுக்கோட்டையில் ஒரு பெண் மருத்துவரிடம் அவரே டோக்கன் போட்டார். மறுநாள், சனிக்கிழமை, புதுக்கோட்டைக்குப் போனோம்.

மருத்துவர் ஐம்பதை ஒட்டிய பெண்மணி. நான் சொல்லச் சொல்லக் கேட்டார். நான் சொன்னதெல்லாம் 'கோபம் வருது, தூக்கம் இல்ல' என்பதற்கு மேல் போகவில்லை. ஜாகிர்தான், "கேக்கக் கூசுது டாக்டர், ஆனா நீங்க கேட்டாத்தான் தெரியும்" என்று கைப்பேசியை மேசை மேல் வைத்தார். மருத்துவர் அரை நிமிடம் கேட்டார். போதும் என்று கையைக் காட்டினார்.

"இது மாதிரி எத்தன மெசேஜ் இருக்கு?"

"பதினேழு."

"தேதி சொல்லுங்க."

அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, மருத்துவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒங்களுக்குப் பீரியட்ஸ் வந்த தேதியெல்லாம் எங்கேயாவது குறிச்சு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

இருந்தது. மாதவிடாயால் தொழுகை இல்லாத நாட்களை அடுப்படி நாட்காட்டியில் நான் வட்டம் போட்டு வைப்பது வழக்கம். நோன்பு மாதத்தில் விடுபட்ட நோன்புகளைப் பிறகு திருப்பி வைக்க வேண்டும் என்பதால், எங்களில் பலர் இந்தக் கணக்கைச் சரியாக வைத்திருப்போம். ஜாகிர் வீட்டுக்கு அழைத்து, நாட்காட்டியின் எல்லாத் தாள்களையும் படம் எடுத்து அனுப்பும்படி சுமையாவிடம் சொன்னார். சற்று நேரத்தில் படங்கள் வந்தன.

மருத்துவர் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வட்டம் நீங்க போட்டது. இந்தப் புள்ளி?"

என் பேனா வட்டங்களுக்கு முன்னால், பென்சிலில், சின்னச் சின்னதாகப் புள்ளிகள். பத்து மாதமாக, ஒவ்வொரு மாதமும். ஏழு, எட்டு, எட்டு, ஒன்பது.

"எனக்குத் தெரியாது டாக்டர்."

"அடுத்த மாசத்துக்கும் வச்சிருக்காங்களே" என்றார்.

ஜாகிர் மறுபடி வீட்டுக்கு அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டார். "சுமையா, காலண்டர்ல பென்சில் புள்ளி யாரு வச்சதும்மா?"

"எதுக்குக் கேக்குறீங்க அத்தா?"

"அத்தா திட்ட மாட்டேன். சொல்லும்மா."

"நான்தான்" என்றாள். பிறகு மெதுவாக, "அம்மாவுக்குக் கோவம் வர்ற நாளு. வட்டத்துக்கு முன்னாடி எண்ணி வச்சிருவேன். அந்த நாள்ல டிராயிங் எல்லாம் ஸ்கூல்லேயே வச்சிட்டு வந்துருவேன்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அன்னிக்கு மட்டும் ரெண்டு நாள் முன்னாடியே வந்துருச்சு அத்தா" என்றாள் சுமையா. தன் கணக்குத் தப்பிவிட்டதற்குச் சமாதானம் சொல்வதுபோல.

என் வாழ்க்கையில் வேறு எந்தச் சொல்லும் என்னை அப்படி அடித்ததில்லை. பதினோரு வயதுப் பிள்ளை, கடல் வானிலை பார்ப்பதுபோல் என்னைப் பார்த்திருக்கிறாள். படித்த நான் கண்டுபிடிக்காததை, பத்து மாதத்துக்கு முன்பே கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும் பயன்படுத்தியிருக்கிறாள். நான் மருத்துவரின் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பன்னிரண்டாம் எண்ணைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. மருத்துவர் மணியை அழுத்தி, கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.

அவர் விளக்கியதை என் சொற்களில் எழுதுகிறேன். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடம்பிலும் மனத்திலும் வரும் தொல்லைகளின் தொகுப்புக்குப் பி.எம்.எஸ். என்று பெயர். வீக்கம், வலி, எரிச்சல், அழுகை, சில தின்பண்டங்கள் மேல் ஆசை எல்லாம் அதில் அடங்கும். பலருக்கு இது தாங்கக்கூடியதாக இருக்கும். சிலருக்கு மட்டும் மனத்தொல்லைகள் முற்றி, உறவையும் வேலையையும் உயிரையும் உலுக்கும் அளவுக்குப் போகும். அதற்குப் பி.எம்.டி.டி. (மாதவிடாய்க்கு முந்தைய கடும் மனநிலைக் கோளாறு) என்று பெயர். ஹார்மோன்களின் (உடம்பின் சுரப்பிகள் ரத்தத்தில் விடும் வேதிப்பொருட்களின்) அளவு இவர்களுக்குத் தப்பாக இருக்காது. கருமுட்டை வெளிவந்த பிறகு இயல்பாக நிகழும் ஏற்ற இறக்கத்தை இவர்களின் மூளை வேறுவிதமாக எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை.

"அப்ப நான் பேசினது நான் இல்லையா டாக்டர்?" என்று கேட்டேன். விடுதலை கிடைக்குமா என்ற ஆசைதான்.

"நீங்கதான்" என்றார். "ஆனா ஒங்களுக்கு வைத்தியம் இருக்கு."

உடனே முடிவு கட்டவில்லை. இரண்டு மாதவிடாய்ச் சுழற்சிக்குத் தினமும் குறித்துவரச் சொன்னார். மனம், கோபம், தூக்கம், உடல் வீக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஆறு வரை எண் போட வேண்டும். ஒன்று என்றால் தொல்லையே இல்லை. ஆறு என்றால் மிகக் கடுமை. பழைய நினைவை வைத்துச் சொன்னால் தப்பாகும், அன்றன்று எழுதினால்தான் செல்லும் என்றார். தேவைப்படக்கூடிய மாத்திரையையும் அன்றே எழுதிக் காட்டினார். மருந்துச்சீட்டில் அதன் பெயரைப் பார்த்ததும் என் முகம் மாறியதை அவர் கவனித்தார்.

அந்த மாத்திரை எங்கள் கடையில் இடது பக்க அலமாரியில், மூன்றாவது தட்டில் இருக்கிறது. மூளையில் செரட்டோனின் (மனநிலையைச் சமன்செய்ய உதவும் வேதிப்பொருள்) கிடைப்பதைக் கூட்டும் மாத்திரை. மனச்சோர்வுக்குக் கொடுப்பார்கள். அதை வாங்குகிறவர்கள் சீட்டை நாலாக மடித்து நீட்டுவார்கள். வாங்கியதும் பைக்குள் அடியில் போட்டுக்கொள்வார்கள். ஒன்பது வருடம் கவுன்ட்டரின் இந்தப் பக்கம் நின்று, அவர்கள் மேல் பரிதாபப்பட்டிருக்கிறேன். அந்தப் பரிதாபத்துக்குள் என்ன இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அது வேணாம் டாக்டர். என்னன்னு தெரிஞ்சிருச்சுல்ல, நானே பாத்துக்குறேன்" என்றேன்.

"சரி, எழுதிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு அவர் கேட்டதும், கடற்கரையில் வந்த எண்ணத்தையும் சொன்னேன். அப்படி ஒரு எண்ணம் திரும்ப வந்தால் உடனே வர வேண்டும் என்றும், அந்த நாட்களில் என்னைத் தனியாக விடக் கூடாது என்றும் ஜாகிரிடம் சொன்னார். அவர் விடுப்பை இரண்டு மாதம் நீட்டித்துக்கொண்டார்.

முதல் சுழற்சியில் (மாதவிடாய் வந்த நாள்தான் முதல் நாள்) பத்தொன்பதாம் நாள்வரை எல்லாம் ஒன்று, இரண்டு. இருபதாம் நாள் நான்கு. இருபத்துமூன்றாம் நாள் ஆறு. மாதவிடாய் வந்த இரண்டாம் நாள் மறுபடி ஒன்று. என் கையெழுத்தே இடையில் மாறியிருந்தது. காபியை நிறுத்தினேன், கருவாட்டையும் ஊறுகாயையும் குறைத்தேன், காலையில் கடற்கரைச் சாலையில் நடந்தேன். வீக்கமும் தூக்கமும் சற்றுச் சரியாயின. மனம் அசையவில்லை.

இரண்டாம் சுழற்சியில் எனக்கு எல்லாம் தெரியும். என்ன நோய், எந்த நாளில் வரும், எப்போது போகும். அதை வைத்து வென்றுவிடலாம் என்று இருந்தேன். இருபத்திரண்டாம் நாள் காலையில், ஜாகிரும் மாமியும் அடுப்படியில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னை ஊர் ஊராக ஆஸ்பத்திரிக்கு அலைக்கழித்து, பைத்தியம் என்று எழுதி வாங்கப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாட்காட்டியைப் பார்த்தேன். அதில் அன்றைய தேதியில் புள்ளி இருந்தது. அந்தப் புள்ளியும் அவர்கள் சொல்லிக் கொடுத்து வைக்கப்பட்டது என்று தோன்றியது.

அங்கேதான் நின்றேன். என் மகள் எனக்கு எதிராகச் சதி செய்கிறாள் என்று என் மூளை சொல்கிறது. நேற்றுவரை அது அப்படிச் சொன்னதில்லை. ஆறேழு நாளில் சொல்வதை நிறுத்திவிடும். இவ்வளவும் தெரிந்திருந்தும் அதை நம்பாமல் இருக்க முடியவில்லை. அறிவு ஒரு பக்கம் நிற்க, உடம்பு முழுவதும் இன்னொரு பக்கம் ஓடியது. ஜுரத்தில் நடுங்குகிறவளுக்கு நடுங்காதே என்று சொல்வதைத்தான் நான் இரண்டு மாதமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜாகிரைக் கூப்பிட்டேன். "எண்ணு ஆறு. என்னைய டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அன்றைக்கே போனோம்.

மருத்துவர் என் தாள்களைப் பார்த்து நோயை உறுதி செய்தார். சிலருக்குக் கருத்தடை மாத்திரை வகையில் ஒன்று பலன் தரும், சிலருக்கு மனநல ஆலோசனை உதவும், எனக்கு இந்த மாத்திரையில் தொடங்கலாம் என்றார். மாதம் முழுவதும் வேண்டாம்; பதினான்காம் நாள் தொடங்கி, மாதவிடாய் வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். எல்லோருக்கும் இதே முறை இல்லை. யாரும் இதைப் படித்துவிட்டுக் கடையில் தானாக வாங்க வேண்டாம். ஒரு மருந்தாளுநராக இதை அழுத்திச் சொல்கிறேன்.

வேறு ஊரில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஜாகிர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். மறுநாள் கடை முதலாளியிடம் சீட்டை நீட்டினேன். மடிக்காமல் நீட்டினேன். அறுபது தாண்டியவர், எங்கள் உறவு வழியில் எனக்குப் பெரியத்தா (பெரியப்பா) முறை. படித்தார். அலமாரிக்குப் போய் எடுத்து வந்து உறையில் போட்டார். வாடிக்கையாளர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பதை என்னிடமே கேட்டார்.

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"காலையில, சாப்பிட்டப்புறம் பெரியத்தா."

"மறக்காம சாப்பிடு" என்றார். அத்தோடு முடிந்தது.

முதல் வாரம் குமட்டியது. வாய் உலர்ந்து, கொட்டாவியாக வந்தது. இருபதாம் நாளுக்காகக் காத்திருந்தேன், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல. இருபது வந்தது. எண் இரண்டு. இருபத்துமூன்று, மூன்று. மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும் ஓசை வெறும் ஓசையாக இருந்தது. கவுன்ட்டரில் நின்றபடியே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவுதானா? இதற்குத்தானா என் பிள்ளை பத்து மாதம் பயந்தாள்?

நேராகக் குணமாகிவிடவில்லை. நான்காம் மாதம் மாத்திரையைத் தொடங்க இரண்டு நாள் தாமதித்தேன். அந்த மாதம் ஒரு பாத்திரம் உடைந்தது, மாமி ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. இப்போதும் மாதத்தில் இரண்டு மூன்று நாள் கனமாகத்தான் இருக்கின்றன. எட்டு, மூன்றாகியிருக்கிறது.

வீட்டில் அந்த எண்கள் பேச்சாகிவிட்டன. "இன்னிக்கு எத்தனத்தா?" என்று காலையில் மாமி கேட்பார். "மூணு மாமி" என்பேன். "அப்ப நான் உலை வைக்கிறேன், நீ படு" என்பார். அவருக்கே கோபம் வரும் நாளில் "எனக்கு இன்னிக்கு அஞ்சு, யாரும் பேசாதீங்க" என்கிறார். ஜாகிர் திரும்ப ஷார்ஜா போய்விட்டார். நான்குக்கு மேல் போனால் குரல் செய்தி அனுப்புவதில்லை, எந்த முக்கியமான பேச்சும் எடுப்பதில்லை என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. அவரும் இப்போது 'சரி' என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்புவதில்லை.

சுமையாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா" என்றாள், மிக வேகமாக. அந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகள் மன்னித்துவிட்டார்கள் என்று நாம் சீக்கிரம் நம்பிவிடுகிறோம். அவள் இன்னும் சில நாட்களில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறாள். அதற்கு மாத்திரை இல்லை. நாள் எடுக்கும்.

போன மாதம் அவள் பெரியவளானாள். மூன்றாம் நாள், தலை துவட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"ம்மா, எனக்கும் அப்டி வருமா?"

வராது என்று சொல்ல வாய் வந்தது.

"தெரியலடா. வரலாம், வராமலும் போகலாம்."

"வந்தா?"

"வந்தா நீ தனியா எண்ண வேணாம். நாம ரெண்டு பேரும் சேந்து எண்ணுவோம்."

அவள் தலையை என் வயிற்றில் சாய்த்துக்கொண்டாள். வயிறு அன்றைக்கு வீங்கியிருந்தது, வலித்தது. நான் நகரவில்லை.

முன்பெல்லாம் எனக்கு நாள் என்றால் திங்கள், செவ்வாய். மாதம் என்றால் முதல் தேதி, கடைசித் தேதி. இப்போது காலையில் கண் திறந்ததும் முதலில் தெரிவது உடம்பின் தேதிதான். ஒன்பதாம் நாள் ஒரு பெண்ணாகவும் இருபத்துநான்காம் நாள் இன்னொரு பெண்ணாகவும் எழுந்திருப்பதற்கு நான் இன்னும் முழுதாகப் பழகவில்லை. இருவருக்கும் ஒரே கைதான் இருக்கிறது. சில சமயம் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்தக் கட்டுரையின் பெரும்பகுதியை எட்டாம் நாளிலிருந்து பதிமூன்றாம் நாளுக்குள் எழுதினேன். அப்போது இதை எல்லோரும் படிக்க வேண்டும் என்று தோன்றியது. இந்தக் கடைசிப் பத்தியை எழுதும் இன்று இருபத்துமூன்றாம் நாள். எண் மூன்று. எழுதியதெல்லாம் வெட்கங்கெட்ட பேச்சு, அழித்துவிடு என்று உள்ளே ஒன்று மிகத் தெளிவாகச் சொல்கிறது. அது சொல்வது சரியென்றே எனக்குப் படுகிறது. இன்று எதையும் முடிவு செய்வதில்லை. இதை இப்படியே வைத்துவிட்டு, இன்னும் ஏழு நாள் பொறுத்து, அப்போது இருப்பவளிடம் கேட்டு அனுப்புகிறேன்.